தீவகத்துக் கடல் – 17: இடம் கேட்கும் செயலிகள்

சென்ற வாரம் 2002 பெப்ரவரிப் போர்நிறுத்தத்தில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தேன். 1990, 1991இல் யாழ்ப்பாணத்தின் தீவகம் படையினர் கைக்குப் போனபின், வேலணையிலோ மண்டைதீவிலோ ஊர்காவற்றுறையிலோ ஒருவர் கடலில் இறங்க வேண்டுமென்றால் வலைக்கு முன்னே கடற்படையின் 'பாஸ்' கையில் இருக்க வேண்டியிருந்தது. எத்தனை மணிக்கு இறங்குவது, எதுவரை போவது, எப்போது கரைக்குத் திரும்புவது எல்லாமே காவலரண்காரர் முடிவு. கடலைப் பற்றி வெளியிலிருந்து ஒரு சொல் வருவதென்றால் வானொலிதான். கொழும்பு சொல்லும், யாழ்ப்பாணத்தில் தெளிவாகக் கேட்கும் திருச்சி நிலையமும் சொல்லும். போர்நிறுத்தத்துக்குப் பிறகுதான் யாழ்ப்பாணத்துக்குக் கைபேசி வந்து சேர்ந்தது. அந்தக் கைபேசிக்குள் பின்னாளில் மீன்பிடிச் செயலிகள் ஒன்றையொன்று முண்டிக்கொண்டு வந்தன. சாட்டிக் கடற்கரையில் வலை சிக்கெடுத்துக்கொண்டு இருப்பவருக்கு அந்தப் போட்டியால் என்ன கிடைத்தது என்பதே இவ்வாரக் கதை.

செயலிகளுக்குப் போகுமுன் இடம் பற்றி ஒரு விளக்கம் தேவை. ஏனென்றால் செயலிகள் எல்லாம் முதலில் கேட்பது இடத்தைத்தான்.

வேலணையைச் சுற்றியுள்ள கடல் ஆழமில்லாதது. பல இடங்களில் தடி ஊன்றித் தள்ளிக்கொண்டு போகலாம். அங்கே களங்கட்டி வலைக்குத் தடி நட்டால் கரையில் நிற்கிற சிறுபிள்ளைக்கும் தெரியும். யாருடைய களம் எது, எவருக்கு அடுத்து எவர், ஒருவர் களத்துக்கும் மற்றவர் களத்துக்கும் எவ்வளவு இடைவெளி என்பதெல்லாம் ஊரறிந்த விடயம். தகராறு வந்தால் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் தீர்த்துவைக்கும். இந்தத் தொழிலில் இடத்தை ஒளிக்கவும் முடியாது, ஒளிக்கவும் தேவையில்லை. போட் எடுத்துக்கொண்டு வெளியே போகிறவர் கதை வேறு. சாதாளை என்னும் கடற்புல் அடர்ந்த திட்டு எது, அதன் எந்த ஓரத்தில் ஒராவும் ஒட்டியும் நிற்கும், கல்லுப் பாறை எங்கே வலையைக் கிழிக்கும் என்பது அவர் ஆயுள் முழுக்கச் சேர்த்த அறிவு. நயினாதீவுக் கோபுரத்தையும் காரைநகர்க் கோவளத்து வெளிச்சவீட்டையும் வேறொரு கரை அடையாளத்தையும் கண்ணால் கோடு பிடித்து, அந்தக் கோடுகள் வெட்டுகிற இடத்தில் வலை விடுவார். அதை மகனுக்குச் சொல்வார், மருமகனுக்குக் கொஞ்சம் யோசித்துச் சொல்வார், பக்கத்துப் போட்காரருக்குச் சொல்லவே மாட்டார். கரையில் "எங்க பட்டது?" என்று கேட்டால் "உங்கால தான்" என்று கையைக் கடல் பக்கமாக வீசிக் காட்டுவார். அந்தக் கைவீச்சு அரைப் பாக்குநீரிணையை அடக்கிவிடும். அதைப் பொய் என்று யாரும் சொல்வதில்லை; கேட்டவரும் நாளைக்கு அப்படித்தான் காட்டப்போகிறார்.

இனிக் கைபேசி. மீனவர் கையில் கைபேசி என்ன செய்யும் என்பதற்கு உலகமெங்கும் பொருளியல் மாணவர்கள் படிக்கும் உதாரணம் நமக்கு அருகிலேயே, கேரளத்தில் நடந்தது. 1997 சனவரி 14ஆம் திகதி காலை, கோழிக்கோட்டுக்கு வடக்கே வடகரைக் கடற்கரையில் 11 மீனவர் சாளை மீனோடு வந்து கரை சேர்ந்தார்கள். என்ன விலைக்கும் வாங்க ஆளில்லை. மீனைக் கொட்டவேண்டிய நிலை. அதே நேரம் 15 கிலோமீற்றர் சுற்றுவட்டாரத்தில் 27 வியாபாரிகள் மீன் கிடைக்காமல் வெறுங்கையோடு திரும்ப இருந்தார்கள். இதைப் பதிவுசெய்தவர் ரொபர்ட் ஜென்சன் என்னும் பொருளியலாளர். அந்த மாதமே கோழிக்கோட்டுக்குக் கைபேசிக் கோபுரம் வந்தது. 1998இல் கண்ணூருக்கும் 2000இல் காசர்கோட்டுக்கும் வந்தது. கோபுரம் வந்த இடங்களில் மீனவர் கடலில் நின்றபடியே எந்தக் கரையில் விலை நல்லது என்று கேட்டுவிட்டு அங்கே போட்டைத் திருப்பினார்கள். மீன் கொட்டுவது நின்றது. மீனவரின் இலாபம் ஏறத்தாழ 8 வீதம் கூடியது. வாங்குகிறவருக்கு விலை 4 வீதம் குறைந்தது. 2007இல் வெளிவந்த இந்த ஆய்வைக் கைபேசிக் கொம்பனிகள் ஊரூராகச் சொல்லிக்கொண்டு திரிந்தன. திரியாமல் விடுவார்களா?

சில ஆண்டுகள் கழித்து ஜானகி ஸ்ரீநிவாசனும் ஜெனா பரெலும் அதே கேரளக் கரைக்குப் போய்ப் பார்த்தார்கள். அவர்கள் கண்டது கொஞ்சம் வேறு. பல மீனவர்கள் ஏலம் கூறும் தரகரிடம் வலைக்கும் எஞ்சினுக்கும் முன்கூட்டியே காசு வாங்கியிருந்தார்கள். வேறு கரையில் விலை கூட என்று கைபேசி சொன்னாலும், மீனைக் கடன்பட்ட கரைக்குத்தான் கொண்டுபோக வேண்டும். ஜென்சன் கண்டதைப் பொய்யென்று தள்ளத் தேவையில்லை. போட்டைத் திருப்பக்கூடிய சுதந்திரம் உள்ள மீனவருக்கே அது பொருந்தும், அவ்வளவுதான்.

தீவகத்துக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. சம்மாட்டியிடம் பற்று, வியாபாரியிடம் முற்பணம் என்பது பாட்டன் காலத்துச் சமாசாரம். போருக்குப் பிறகு சம்மாட்டி இருந்த இடத்தில் நண்டுக் கொம்பனியின் ஆள் வந்து உட்கார்ந்தார். இலங்கை நண்டுச் சதையின் பெரும்பகுதி அமெரிக்காவுக்குப் போகிறது. அமெரிக்காவில் என்ன விலை என்பது கொம்பனிக்குத் தெரியும். கரையில் நண்டை வலையிலிருந்து கழற்றிக் கொடுக்கிற பெண்ணுக்குத் தெரிவது அன்றைக்கு அவர்கள் சொல்கிற விலை மட்டும். கைபேசி இருவர் கையிலும் இருக்கிறது.

இவ்வளவையும் மனதில் வைத்துக்கொண்டு அக்கரைத் தமிழ்நாட்டைப் பார்ப்போம். 2007இல் எம். எஸ். சுவாமிநாதன் ஆய்வு நிறுவனம், குவால்கொம், டாட்டா டெலிசேர்விசஸ் முதலிய கொம்பனிகளோடு சேர்ந்து 'மீனவ நண்பன்' என்று தமிழில் சொல்லத்தக்க ஃபிஷர் ஃபிரெண்ட் சேவையை மீனவர் கைபேசியில் தொடங்கியது. அன்றைக்கு இருந்தது பொத்தான் அமுக்கும் போன். பின்னர் அது அன்ட்ரொயிட் செயலியாக வளர்ந்தது. காற்று, அலை உயரம், புயல் எச்சரிக்கை, மீன் கூடும் வாய்ப்புள்ள இடம், சந்தை விலை, ஆபத்தில் அழைக்க இலக்கம், சர்வதேச எல்லையை நெருங்கினால் எச்சரிக்கை என்று எல்லாம் அதற்குள் வந்தன.

அதன் பிறகு வரிசையாக வந்தார்கள். மகாராஷ்டிரத்தில் டாட்டா கன்சல்டன்சியின் எம்-கிருஷி. ரிலையன்ஸ் அறக்கட்டளையின் 'மச்லி'. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் குமரி, கேரளக் கரைகளில் பெரும் உயிர்ச்சேதம் செய்த பிறகு அரசுகளும் விழித்துக்கொண்டன: தமிழ்நாட்டு மீன்வளத் துறைக்குத் 'தூண்டில்', கேரளத்துக்குச் 'சாகரா'. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இது கடும் சந்தைப் போட்டி. உள்ளே போய்ப் பார்த்தால், மீன் எங்கே, அலை எவ்வளவு என்று இந்தச் செயலிகள் சொல்லும் சேதியில் பெரும்பகுதி ஹைதராபாத்தில் 1999இல் தொடங்கப்பட்ட இந்தியக் கடல்சார் தகவல் மையத்திலிருந்து வருவது. சரக்கு ஒரே களஞ்சியத்தில், கடைதான் ஐந்து. எந்தக் கடையின் பெயர்ப்பலகையில் யாருடைய படம் என்பதில்தான் போட்டி.

அந்தக் களஞ்சியத்துச் சரக்கும் நம் கடலுக்குச் சரிவருமா என்பது இன்னொரு கேள்வி. செய்மதி கடலின் மேற்பரப்பு வெப்பத்தையும், நுண்பாசியின் பச்சையத்தால் நீர் பெறும் நிறத்தையும் பார்த்து, குளிர்நீரும் சூடான நீரும் சந்திக்கிற, பாசி செழித்த விளிம்புகளைக் கண்டுபிடிக்கிறது. இரை இருக்கிற இடத்தில் மீன் கூடும் என்பது கணக்கு. ஆழ்கடலில் சூரைக்கும் கும்பளாவுக்கும் நல்ல கணக்கு. பாக்குநீரிணையின் சராசரி ஆழமோ பத்து மீற்றர்கூட வராது. அடித்தரை வெளிச்சத்தைத் திருப்பியனுப்பும், சேறு கலங்கும், சாதாளையும் நிறம் காட்டும். இப்படிப்பட்ட ஆழமற்ற நீரில் செய்மதியின் பச்சையக் கணக்குப் பிழைக்கும் என்று அத்துறை ஆய்வாளர்களே சொல்வார்கள். மேலும் நமது மீன் விளிம்பு தேடி அலைகிற மீனல்ல. புல்லுக்குள் மேய்கிற மீன். ஒராவைக் கண்டுபிடிக்கச் செய்மதி தேவையில்லை.

சிக்னல் வேறு ஒரு சங்கடம். கரையிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர் தாண்டினால் சாதாரணக் கைபேசி ஊமை. ஒக்கியில் நடந்ததும் அதுதான்: எச்சரிக்கை புறப்பட்டபோது பல படகுகள் சிக்னல் எட்டாத தொலைவில் நின்றன. 2019 ஒக்ரோபரில் இந்தியா 'ஜெமினி' என்ற சிறு கருவியைக் கொண்டுவந்தது. அது ககன் செய்மதிகளிலிருந்து சேதியைப் பிடித்துப் பக்கத்தில் இருக்கும் கைபேசிச் செயலிக்குக் கடத்தும். ஒருவழிப் பாதைதான், கேட்கலாம், திருப்பிப் பேச முடியாது. ஆனாலும் இந்த ஐந்து கடைகளும் செய்யாத ஒரு காரியத்தை அது செய்தது.

இலங்கைப் பக்கத்தில் கடையும் குறைவு. டயலொக் நிறுவனம் வளிமண்டலவியல் திணைக்களத்தோடும் கடற்றொழில் திணைக்களத்தோடும் சேர்ந்து 'சயுரு' என்ற சேவையைத் தமிழ் உட்பட மூன்று மொழிகளிலும் நடத்துகிறது. காற்று, மழை, கடல் கொந்தளிப்பு பற்றிய சேதி வரும். பயனுள்ளதுதான், குறை சொல்வதற்கில்லை. அரசு பெரிய செலவு செய்தது வேறு விடயத்துக்கு. 2015 சனவரியில் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கை மீனுக்குத் தடைபோட்டது; நெடுநாள் கலங்கள் சர்வதேசக் கடலில் சட்டத்துக்கு மாறாக மீன்பிடிக்கின்றன என்பது குற்றச்சாட்டு. உடனே அந்தக் கலங்களுக்கெல்லாம் செய்மதி வழிக் கண்காணிப்புக் கருவி பூட்டப்பட்டது. 2016 யூனில் தடை நீங்கியது. வேலணையில் இருப்பவை காலையில் போய் மதியம் திரும்புகிற சிறு பிளாஸ்ரிக் போட்டுகள். ஐரோப்பாவுக்கு இவற்றால் தொல்லையில்லை. ஆகவே கருவியும் இல்லை.

இதே பத்தாண்டுகளில் உலகின் இன்னொரு மூலையில், பிழைப்புக்கல்லாமல் பொழுதுபோக்குக்கு மீன் பிடிக்கிறவர்களின் சந்தை சூடுபிடித்தது. அமெரிக்காவில் மட்டும் அப்படித் தூண்டில் போடுகிறவர்கள் 5 கோடிக்கு மேல். 2010இல் சுவீடனில் தொடங்கிய ஃபிஷ்பிரெயின் இவர்களுக்கான முகநூல் மாதிரி: மீனைப் பிடித்துப் படமெடுத்துப் போடுங்கள், எந்த ஏரி, என்ன இரை, என்ன நேரம் என்று பதியுங்கள், நண்பர்கள் பாராட்டுவார்கள். பயன்படுத்துவோர் ஒரு கோடியைத் தாண்டினார்கள். ஃபிஷ்ஆங்ளர், ஃபிஷிடி, ஆங்ளர் என்று போட்டியாளர்கள் வந்தார்கள். ஏரியடி வரைபடம் விற்ற நவியோனிக்ஸை 2017இல் கார்மின் விலைகொடுத்து வாங்கியது. இந்தச் செயலிகளின் பிழைப்புக்கு வழி எளிது: படம் போடுவது இலவசம், மற்றவர் மீன் பிடித்த இடத்தைத் துல்லியமாகப் பார்க்க வேண்டுமானால் சந்தா கட்டவேண்டும். ஒருவர் பெருமைக்காக இலவசமாய்க் கொடுத்ததை இன்னொருவருக்குக் காசுக்கு விற்பது. ஸ்கார்பரோவில் இருக்கிற வேலணைப் பிள்ளை சிம்கோ ஏரிக்குப் போகுமுன் இப்படியொரு செயலியைத் திறந்து பார்ப்பதில் வியப்பில்லை. பிடித்த மீனைத் திரும்பத் தண்ணீரிலும் விட்டுவிடலாம், வீட்டில் உலை காத்திருக்காது.

அங்கேயும் சண்டை வராமலில்லை. நல்ல இடம் ஒன்றைச் செயலியில் போட்டுக் கெடுத்துவிட்டாய் என்று பழைய தூண்டில்காரர் புதியவர்களைத் திட்டினார்கள். துல்லியமான இடத்தை மறைக்கிற வசதியைச் செயலிகள் கொடுக்க வேண்டி வந்தது. ஆயிரக்கணக்கான மைல் தள்ளியிருந்தும், அவர்களும் கடைசியில் "உங்கால தான்" என்ற கைவீச்சுக்கே வந்து சேர்ந்தார்கள்.

வேலணைக் கரையில் இந்தச் சந்தையில் வென்றது மீனுக்கென்று செய்யப்படாத ஒரு செயலி. வட்ஸ்அப் 2013 ஓகஸ்டில் குரல்பதிவு அனுப்பும் வசதியைச் சேர்த்தது. ஈரக் கையோடு, எழுத்துக் கூட்டாமல், பொத்தானை அமுக்கிப் பேசிவிடலாம். மறுவருடம் முகநூல் அதை 1,900 கோடி டொலருக்கு வாங்கியபோது உலகம் வாயைப் பிளந்தது. வேலணைக்காரர் அதில் வைத்திருப்பது மச்சானும் சகலையும் ஒரே சங்கத்துக்காரரும் மட்டும் இருக்கிற குழு. இடம் அங்கேயும் பேசப்படுவதில்லை. பேசப்படுவது, மடி எங்கே வருகிறது என்பது.

மடி என்றால் இந்திய இழுவைப் படகுகள். தமிழ்நாட்டில் விசைப்படகுக்கும் நாட்டுப்படகுக்கும் இடையே நடந்த பழைய சண்டைகளுக்குப் பிறகு நாள் பிரிக்கப்பட்டதால், இராமேஸ்வரம் பகுதி விசைப்படகுகள் திங்கள், புதன், சனி மூன்று நாள்களில் கடலுக்கு வருகின்றன. அக்கரையின் சமாதான ஏற்பாடு இக்கரையின் நாட்காட்டியானது. அந்த நாள்களில் நெடுந்தீவு, நயினாதீவு, வேலணைக்காரர் பலர் வலை விடுவதில்லை; விட்டால் மடியோடு போய்விடும், வலை ஒரு தொகுதி போனால் கடன் இரட்டிக்கும். ஏப்ரல் 15இலிருந்து அக்கரையில் மீன்பிடித் தடை. முன்பு 45 நாள், 2017 முதல் 61 நாள். இங்கே பலருக்கு நிம்மதியாக வலை விடக் கிடைப்பது அந்த இரண்டு மாதம். ஆகவே இரவில் வெளிச்சம் கண்டவர் குரல்பதிவு போடுகிறார்: இத்தனை படகு, இந்தத் திசை. இடத்தை ஒளிக்கிறவர் ஆபத்தை ஒளிப்பதில்லை. மீன்பிடியில் சமூக வலைத்தளம் என்று இங்கே ஒன்று இருந்தால் அது இதுதான்.

இதில் ஒரு முரண்பாடு என்னை விடாமல் உறுத்துகிறது. 1974இல் எல்லை வரைந்த காலத்தில், இருட்டில் கோடு தெரியவில்லை என்று சொன்னால் நம்பலாம். இன்று விசைப்படகில் ஜிபிஎஸ் இல்லாத படகு அரிது. எல்லையை நெருங்கினால் கத்துகிற செயலியைத் தமிழ்நாட்டிலேயே செய்து இலவசமாகவும் கொடுத்தாயிற்று. வேலணை மீனவருக்கு எல்லாச் செயலிகளிலும் ஒரே ஒரு வசதியைத் தெரிவுசெய்யச் சொன்னால் அந்த எல்லை எச்சரிக்கையைத்தான் எடுப்பார். அது இருப்பதோ அடுத்தவர் கைபேசியில்; அணைக்கும் பொத்தானும் அவர் கையில். படகின் உரிமையாளர் கரையில் இருக்க, கூலிக்குப் போன நாலைந்து பேர் பிடிபட்டு யாழ்ப்பாணச் சிறைக்கு வருகிறார்கள் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். அவர்கள் வீட்டிலும் அடுப்பு எரியவேண்டும். இழுவைமடி கடலடியைச் சுரண்டுகிறது என்ற வாதத்தில் நம் பக்கமும் முற்றாகச் சுத்தமில்லை. இங்கேயும் இழுவைப் படகுகள் உண்டு. எம். ஏ. சுமந்திரன் கொண்டுவந்த தனிநபர் சட்டமூலம் 2017 யூலையில் நாடாளுமன்றத்தில் நிறைவேறி இழுவைமடி இலங்கைக் கடலில் தடைசெய்யப்பட்டது. சட்டம் இருக்கிறது.

2022 பொருளாதார நெருக்கடியில் இந்தக் கைபேசிக் கதைகள் எல்லாமே கொஞ்சக் காலம் நின்றுபோயின. வெளியிணைப்பு எஞ்சின் மண்ணெண்ணெயில் ஓடுகிறது, மண்ணெண்ணெய் இல்லை. அந்த யூனில் இந்தியா 15,000 லீற்றர் மண்ணெண்ணெயை நெடுந்தீவு, நயினாதீவு, எழுவைதீவு, அனலைதீவுகளைச் சேர்ந்த 700 மீனவருக்கு அன்பளிப்பாகக் கொடுத்தது. பங்கிட்டால் தலைக்கு 21 லீற்றர் சொச்சம், நன்றியோடு வாங்கிக்கொண்டார்கள். ஓகஸ்ட் 21ஆம் திகதி லீற்றர் 87 ரூபாவாக இருந்த மண்ணெண்ணெய் 340 ரூபாவானது. அன்றைக்கு எந்தச் செயலி மீன் இருக்கும் இடத்தைச் சொன்னாலும், போய்வரும் செலவை யார் கொடுப்பது?

தீவகத்துக்கு இன்னொரு செயலி வேண்டாம் என்பதே என் கட்சி. கொழும்பிலோ சென்னையிலோ ஒரு மேடை போட்டு, மாலை போட்டுத் தொடக்கிவைத்து, மறுவருடம் புதுப்பிக்க ஆளில்லாமல் போகிறவை ஏற்கெனவே போதும். வேண்டியது விலை. கொழும்பில் இன்று நண்டு கிலோ என்ன, ஊர்காவற்றுறையில் என்ன, குருநகரில் கூறல் எவ்வளவில் நின்றது என்ற மூன்று வரியைச் சங்கத்தின் எழுதுவினைஞர் ஒருவர் காலையில் குழுவில் போட்டால் போதும், செலவு ஒன்றுமில்லை. அதற்கு முன்னே கொம்பனியின் முற்பணத்துக்குப் பதிலாகச் சங்கம் கடன் கொடுக்கவேண்டும். கடன் யாரிடமோ அவரிடம்தான் நண்டு போகும், விலை தெரிந்தாலும் தெரியாவிட்டாலும். கேரளத்துக் கதையின் இரண்டாம் பாதி அதுதான். முதல் பாதியை மட்டும் மேடையில் சொல்கிறார்கள். தீவகச் சங்கங்களும் யாழ்ப்பாணச் சமாசமும் இதை ஒரு பருவத்துக்காவது செய்து பார்க்கட்டும்.

அடுத்த வாரம் வேலணை, புங்குடுதீவுக் கடலில் வேலிபோட்டு வளர்க்கும் கடலட்டைப் பண்ணைகளுக்குப் போவோம். களங்கட்டிக் களம் யாருக்குச் சொந்தம் என்ற பழைய கேள்வி அங்கே புது உருவத்தில் வருகிறது. பழைய சங்கங்களின் கடன் புத்தகமோ கூறல் துண்டோ வீட்டில் வைத்திருப்பவர்கள் அதை எறிந்துவிடாமல், படமெடுத்து ஆசிரியருக்கு அனுப்பிவையுங்கள்.

(தொடரும்)